லசாலுக்குப் பிடித்த சீஸ்

தூத்துக்குடியில் கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே, உப்புக்காற்றில் ஜன்னல் கம்பிகளெல்லாம் பொருக்குத் தட்டிப்போன ஒரு தெருவில், ரெஜினாள் என்ற பெண் ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் வீட்டு அடுப்படியில் பர்கர் செய்து கொடுத்துக்கொண்டிருந்தாள்; அந்தத் தெருவில் செத்துப்போனவர்கள் திரும்பச் சாப்பிட வந்தது அவள் செய்த பர்கருக்குத்தான், வேறு யார் செய்த எதற்கும் வரவில்லை.

அவள் புருஷன் லசால் சரக்குக் கப்பலில் சமையல்காரன். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு என்று இருந்தவன், லீவில் வரும்போதெல்லாம் பெட்டியில் துணியைவிட அதிகமாகச் சீஸ் கொண்டுவருவான். சிவப்பு மெழுகு பூசிய கூடா சீஸ், செங்கல் மாதிரி கனத்த செடார், நீலப் பூஞ்சை பிடித்த ஒன்று, அதைப் பிரித்த அன்று எலி செத்துக்கிடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பரண் முழுக்கத் தேடினார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் போன கப்பல் மாலத்தீவுக்குத் தெற்கே ஒரு வியாழக்கிழமை காலையில் பேசிவிட்டு, மத்தியானத்துக்குமேல் பேசாமல் போயிற்று. அதில் இருந்த பத்தொன்பது பேரில் இந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேர். ஒருவன் லசால், இன்னொருவன் பின் தெருச் செசிலியின் மகன் காஸ்பர், இருபத்து நாலு வயசு. கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தில் 'காணவில்லை' என்று இருந்தது. மிதந்து வந்த பலகை இல்லை, உடுப்பு இல்லை, ஒன்றுமில்லை. ரெஜினாள் தாலியைக் கழற்றவுமில்லை, தலையில் பூ வைக்கவுமில்லை. லசால் சொல்லிக்கொடுத்த பர்கரைச் செய்து மகள் ஜோவிட்டாவைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

செத்தவர்களில் முதலில் வந்தது டெல்பின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஹிலாரியின் மனைவி அவள், தவக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனாள். அவள் இருந்தவரை அந்த வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பர்கர் போகும். அவள் இறந்து, மறுபடி வாங்க ஆரம்பித்த முதல் ஞாயிறும் ஹிலாரி வாய்ப்பழக்கத்தில் இரண்டு என்றே சொன்னார், ரெஜினாளும் கைப்பழக்கத்தில் இரண்டு கட்டிக் கொடுத்தனுப்பினாள். அன்று சாயங்காலம் நாலே கால் மணிக்கு ஹிலாரி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வேகமாக வந்து அவள் அடுப்படி ஜன்னலில் நின்றார்.

"ஏட்டி ரெஜினா, டெல்பினுக்குத் தக்காளி ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா? பாரு, ரெண்டையும் எடுத்து ஓரத்துல வச்சிருக்கா. ஒரு கடிதான் கடிச்சிருக்கா, பாவம்."

தட்டில் பர்கரில் ஒரு கடி விழுந்திருந்தது, நகத்தால் வெட்டினதுபோலச் சின்னதாக, அரைவட்டமாக. இரண்டு தக்காளி வில்லைகளும் சீஸ் வழித்தெடுக்கப்பட்டுத் தட்டின் ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

"மறந்தே போச்சு மாமா. வாற வாரம் வைக்கமாட்டேன்" என்றாள் ரெஜினாள். ஹிலாரி முனகிக்கொண்டே போனார். அவள் பாத்திரம் விளக்க உட்கார்ந்து, பாதி விளக்கி, கையெல்லாம் சோப்பு நுரையாக இருக்கும்போதுதான் டெல்பினை அடக்கம் செய்து நாற்பது நாளாயிற்று என்பது அவள் நினைவுக்கு வந்தது. பிறகு மீதிப் பாத்திரத்தை விளக்கினாள்.

அடுத்த ஞாயிறு தக்காளி இல்லாமல், இரண்டு ஸ்லைஸ் சீஸும் பொன்னிறத்துக்கு வதக்கிய வெங்காயமும் வைத்துக் கொடுத்தாள். அன்றைக்கு முக்கால் பர்கர் காலியாகியிருந்தது. ஹிலாரி மிச்சத்தைத் தெருவில் ஒவ்வொருவருக்கும் காட்டினார். யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. பல்வரிசையைப் பார்த்துவிட்டு, டெல்பின்தான், அந்தக் கோரைப்பல் இல்லாத சந்து தெரிகிறது பார் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அவரவர் வீட்டில் செத்தவர்களை நினைத்துப் பார்த்தார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு ரெஜினாளின் வாசலில் பதினோரு பேர் நின்றார்கள்.

ஒன்றிரண்டு பேர் பிரியாணி வைத்துப் பார்த்தார்கள், சிலர் மீன்குழம்பு வைத்துப் பார்த்தார்கள், ஒரு வீட்டில் செத்தவர் உயிரைவிட்டுத் தின்ற பணியாரத்தை வைத்துப் பார்த்தார்கள். ஈ மொய்த்ததே தவிர வேறு யாரும் வரவில்லை. ரெஜினாள் கையால் கட்லெட் தட்டி, பன்னைப் பிளந்து, சீஸை உருக்கி, மேலே வைக்கவேண்டியதை வைத்து மூடினால்தான் வந்தார்கள். அதிலும் அவரவருக்குப் பிடித்தது பிடித்தபடி இருக்க வேண்டும். சீஸ் மாறினால் மூடியிருந்த பன் திறந்து கிடக்கும். வேண்டாதது இருந்தால் ஓரத்தில் எடுத்து வைக்கப்பட்டிருக்கும். அடியோடு தப்பாக இருந்தால் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அதனால் அந்தத் தெருவில் அதுவரை பேசாத பேச்செல்லாம் பேச வேண்டியிருந்தது. அண்ணனும் தம்பியும் செத்துப்போன அப்பாவுக்கு ஊறுகாய்போட்ட வெள்ளரி பிடிக்குமா பிடிக்காதா என்று ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள். பேக்கரி தங்கப்பழம் அண்ணாச்சி, இவ்வளவு பேருக்கும் பன் போடுகிறவர், தன் அப்பாவுக்கும் ஒன்று கேட்டார். அவர் சீஸ் என்ற சாமானையே பார்க்காமல் நாற்பது வருஷத்துக்கு முன்னால் போனவர். எட்டு வாரம் மாற்றி மாற்றி வைத்தும் அவர் சீஸைப் பிரித்து ஓரத்தில் வைத்துக்கொண்டே இருந்தார், ஒன்பதாவது வாரம் கூடாவை நெருப்பில் வாட்டித் தேங்காய்த் துவையலோடு வைத்தபோது ஒரு துணுக்குகூட மிச்சமில்லாமல் தின்றுவிட்டார், தட்டில் துவையலை வழித்த நாலு விரல்கோடு மட்டும் இருந்தது. சைவக்காரரான தன் கணவருக்குப் பீட்ரூட் கட்லெட்டாக வைத்து ஏமாந்துகொண்டிருந்த ஒரு டீச்சர், ஆறாவது வாரம் தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு ஆஃப்பாயிலும் சேர்த்து வச்சுப் பாரேன்" என்றாள்; அதற்குப் பிறகு அவள் எதையும் மாற்றச் சொல்லவில்லை. பம்பாய்க்கு ஓடிப்போன புருஷனுக்காக ஒருத்தி பன்னிரண்டு வாரம் பன்னிரண்டு விதமாக வைத்துப் பார்த்தாள். ஒன்றும் தொடப்படவில்லை என்றதும், "இருக்கான், நல்லாத்தான் இருக்கான்" என்று வெறுத்துப்போய் நிறுத்திவிட்டாள்.

எல்லாவற்றையும் ரெஜினாள் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்; பெயர், சீஸ், மேலே வைக்க வேண்டியது, வைக்கவே கூடாதது. கோயிலில் சாமியார் முதல் மூன்று வாரம் இதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நாலாவது வாரம் ஞானோபதேச வகுப்பை நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்கு மாற்றி அறிவித்தார், அவ்வளவுதான்.

ஏனென்றால் நாலு மணிதான் அவர்கள் வரும் நேரம். ஐந்து நிமிஷம் முன்னாலேயே தெரு தானாக அடங்கிவிடும். வெயில் வெள்ளையாக அசையாமல் நிற்கும், மின்கம்பியில் காக்கைகள் எல்லாம் கடல் பக்கமே பார்த்து உட்கார்ந்திருக்கும், நாய்கள் ஆட்டோக்களுக்கு அடியில் போய்ப் படுத்து முன்காலில் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் தட்டை மேசையில் வைத்து, நாற்காலியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்து நிற்பார்கள். கைக்குழந்தைகள்கூட அப்போது அழுவதில்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாக நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். பிறகு மெல்லும் சத்தம், அவசரமில்லாமல், பல்செட் வைத்தவர்கள் பல்செட்டோடு, இருமல்காரர்கள் நடுநடுவே இருமி. தெரு முழுக்க நின்றிருந்த உருகிய சீஸ் வாசம் யாரோ மூச்சை உள்ளே இழுத்ததுபோல ஒரே நொடியில் இல்லாமல் போகும். கதவைத் திறந்தால் மிச்சம் இருப்பது ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்ததுபோலச் சில்லிட்டுக் கிடக்கும், நாற்காலிப் பலகையில் தொட்டால் ஈரம் ஒட்டும். அந்த ஈரம் காய்ந்த பிறகுதான் மற்றவர்கள் அதில் உட்காருவார்கள். இதெல்லாம் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தெருவுக்குப் பழகிவிட்டது.

ரெஜினாள் நோட்டில் லசாலுக்கு மட்டும் பக்கம் இல்லை.

அதை அவளிடம் யாரும் கேட்கவில்லை, செசிலி வரும்வரைக்கும். செசிலி ஒரு ஞாயிறு பூசை முடிந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் நேராக அடுப்படிக்கு வந்து, உரலின்மேல் உட்கார்ந்தாள்.

"எம் மவனுக்கு ஒண்ணு பண்ணு" என்றாள்.

ரெஜினாள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "வேண்டாம் மாமி."

"ஏன் வேண்டாம்?"

"வந்து தின்னுட்டாம்னா?"

"தின்னாம்னா பசியாறுனான்னு இருப்பேன். திங்கலன்னா எங்கயோ இருக்கான்னு இருப்பேன். ரெண்டுமில்லாம ரெண்டு வருசமா அவனுக்கும் சேத்து உலை வச்சு, ராத்திரிக்கு அதுல தண்ணிய ஊத்திட்டுப் படுக்கேன். நீயும் அப்படித்தான படுக்க? உனக்குத் தெரியாதா?"

ரெஜினாளுக்குத் தெரியும். காஸ்பருக்கு வைத்தால் அது காஸ்பருக்கு மட்டும் வைப்பதாக இருக்காது, ஒரே கப்பலில் போனவர்கள் அவர்கள். அதைச் சொல்லாமல், "அவனுக்கு என்ன பிடிக்கும்?" என்றாள்.

செசிலி கண்ணை மூடிக்கொண்டு, செபம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஸ்லைஸ் சீஸ் இரண்டு, ஓரத்தில் ஒழுகி வருகிற அளவுக்கு உருக வேண்டும். அதன்மேல் ஒரு முட்டை, மஞ்சக்கரு உடையாமல். நல்லமிளகை நுணுக்கித் தூவ வேண்டும். வெங்காயம் கூடாது, சின்ன வயசிலேயே பொறுக்கி எடுத்துவிடுவான். "உம் மாப்பிள கப்பல்ல அவனுக்கு அப்படித்தான் பண்ணிக் குடுப்பாராம். போன்ல சொல்லுவான், லசாலண்ணன் கையால தின்னா வீட்டு நெனப்பே வராதும்மான்னு சொல்லுவான்."

அன்று நாலு மணிக்குப் பின் தெருவில் செசிலியின் வீட்டு வாசலில் செசிலியும் ரெஜினாளும் மட்டும் நின்றார்கள். உள்ளே நாற்காலி இழுபட்டது. இளவட்டப் பையன்கள் இழுப்பதுபோல ஒரே இழுப்பாக, தரையில் கீறி. செசிலி ரெஜினாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். உள்ளே அவசர அவசரமாக மெல்லும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தபோது தட்டில் ஒன்றுமில்லை. மஞ்சக்கரு வழிந்த இடத்தில் கட்டைவிரல் ரேகை ஒன்று பதிந்து உறைந்திருந்தது. தட்டைச் சுற்றி மேசையில் தண்ணீர் தேங்கியிருந்தது. செசிலி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், கரித்தது.

"அவசரக்குடுக்கை" என்றாள் செசிலி. "மெல்லத் தின்னுன்னு எத்தனதரம் சொல்லிருக்கேன்." பிறகு தரையில் உட்கார்ந்து, இரண்டு வருஷத்து அழுகையை அழுதாள். மறுநாள் அவள் கோயிலில் காஸ்பருக்குப் பூசை வைத்தாள், வீட்டு வாசலில் துண்டு விரித்துத் துக்கம் கேட்கிறவர்களை உட்கார வைத்தாள், எட்டாம் நாள் பூசைக்குத் தலைக்குக் குளித்து நல்ல சேலை உடுத்தி வந்தாள். அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருந்தது. அதைப் பார்க்க ரெஜினாளுக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் இப்போது தெரு முழுக்க அவளையே பார்த்தது. வாயால் யாரும் கேட்கவில்லை. பன் வாங்கப் போனால் தங்கப்பழம் அண்ணாச்சி ஒரு பன்னைக் கூடுதலாக வைத்துக் கட்டினார், அதை எதற்கு என்று அவளும் கேட்கவில்லை. கேட்டது ஜோவிட்டா. பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண், அப்பா ஜாடை, அப்பா பிடிவாதம்.

"ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் என்ன பிடிக்கும்னு நோட்டுல எழுதி வச்சிருக்க. அப்பாக்கு ஒரு பக்கம் எழுதல."

"அப்பா செத்தவங்க லிஸ்டுல இல்ல. அதான் எழுதல."

"அப்போ உயிரோட இருக்கவங்க லிஸ்டுல எழுது. சொல்லு, அப்பாக்கு எந்த சீஸ் பிடிக்கும்?"

ரெஜினாள் நோட்டை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். எழுத அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

பதினெட்டு வருஷம். கப்பல் கேப்டனுக்கு நீலப் பூஞ்சைச் சீஸோடு பச்சை வெங்காயம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இன்ஜின் ரூம் பிலிப்பைன்ஸ்காரனுக்கு அன்னாசி வைக்காவிட்டால் முகம் தொங்கிவிடும் என்று தெரியும். காளான், ஊறுகாய் மிளகாய், பொரித்த வெங்காயம் என்று எத்தனையோ கப்பல்காரர்களுடைய நாக்கை லசால் அவளுக்குச் சொல்லியிருந்தான். அவன் எதைத் தின்றான் என்று சொன்னதில்லை. வீட்டிலும் எல்லாருக்கும் செய்து போட்டுவிட்டு, அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றுவிட்டு, "எனக்கு ஆச்சு" என்பான். அவள் ஒருநாளும், என்ன ஆச்சு என்று கேட்டதில்லை.

அவனோடு முன்னால் ஒரே கப்பலில் இருந்த கொல்லத்துக்காரர் ஒருவருக்குப் போன் செய்து கேட்டாள். அவர் மலையாளத்துத் தங்கை முறை வைத்துக் கூப்பிட்டு, "அவன் தின்னு நான் பார்த்ததில்லையே பெங்ஙளே. எங்களுக்கு வச்சுத் தந்துட்டு வாசல்ல நிப்பான்" என்றார்.

ஆனாலும் வைத்தாள். மகள் பார்த்த பார்வைக்காக வைத்தாள். முதல் ஞாயிறு கூடா, ஏனென்றால் அவன் அதிகம் கொண்டுவந்தது அது. தொடப்படவில்லை. நீலப் பூஞ்சையை மதுரையிலிருந்து வரவழைத்துத் தேன் தடவி வைத்தாள். தொடப்படவில்லை. காஸ்பருக்கு வைத்த மாதிரியே ஒன்று வைத்தாள். மொசரெல்லாவும் தக்காளியும் துளசி இலையும் வைத்தாள், சீலா மீனைத் தட்டிக் கட்லெட்டாக்கி அதன்மேல் எலுமிச்சை பிழிந்து சீஸே இல்லாமல் வைத்தாள், காளான் வைத்தாள், பிலிப்பைன்ஸ்காரனின் அன்னாசியைக்கூட வைத்தாள். ஒவ்வொரு ஞாயிறும் நாலு மணிக்குத் தெரு முழுக்க நாற்காலிகள் இழுபடும், அவள் வீட்டுக்குள் மட்டும் சத்தமே இருக்காது. கதவைத் திறந்தால் வைத்தது வைத்தபடி, சீஸ்கூட இறுகாமல், அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கினதுபோல ஆவி பறந்துகொண்டு இருக்கும். அந்த ஆவி நேராக மேலே போகாமல் அவள் நிற்கிற பக்கமாகச் சாய்ந்து வரும். அவள் தட்டை எடுத்துக் கூரையில் காக்கைக்கு வைப்பாள். காக்கையும் தொடாது.

ஏழாவது வாரம் ஹிலாரி தெரு நடுவில் நின்று சொன்னார்: "ஏழு விதம் வச்சாச்சு. லசால் இருக்கான். எந்தத் தீவுலயோ இருக்கான், வருவான்." அது தெருவுக்குப் பிடித்திருந்தது. இத்தனை செத்தவர்களுக்கு நடுவில் ஒருத்தன் உயிரோடு இருப்பது எல்லாருக்கும் வேண்டியிருந்தது. யாரோ கேசரி கிண்டினார்கள். டீச்சர் மல்லிகைப்பூ கொண்டுவந்து தானே ரெஜினாளின் தலையில் வைத்துவிட்டாள். ஜோவிட்டா அப்பாவின் சட்டைகளை எடுத்துத் துவைத்து, தேய்த்து, கதவுக்குப் பின்னால் வரிசையாக மாட்டினாள். செசிலி மட்டும் வரவில்லை. வழியில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உனக்குக் குடுத்து வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரெஜினாளுக்கு மட்டும் உறுதி வரவில்லை. ஒன்று, அவன் உயிரோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் தான் வைத்த ஏழும் தப்பாக இருக்க வேண்டும். இதில் எது என்று இரண்டு நாள் யோசித்தாள். பிறகு யோசித்துக் களைத்து, தெரு சொல்வதையே நானும் நம்பினால் என்ன என்று தோன்றியது. அப்படி நினைத்த உடனே அவளுக்குப் பசித்தது. இரண்டு வருஷமாக அவள் பசிக்கு என்று உட்கார்ந்ததில்லை, நேரத்துக்கு என்று உட்கார்ந்திருக்கிறாள். இது வேறு, வயிற்றைப் பிடித்து இழுக்கிற பசி.

அது செவ்வாய்க்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை. ஜோவிட்டா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ரெஜினாள் தனக்காக ஒரு பர்கர் செய்தாள், லசால் போனதிலிருந்து தனக்கென்று செய்யும் முதல் பர்கர். செடாரைத் துருவி, கட்லெட்டின்மேல் போடாமல் சூடான தோசைக்கல்லிலேயே தூவி, அது கொப்பளித்து, ஓரம் கருகி, பின்னல் வேலைப்பாடுபோல மொறுமொறுவென்று எழுந்து வந்ததும் தோசைபோலச் சுரண்டி எடுத்தாள். கிளிமூக்கு மாங்காயைக் குச்சி குச்சியாக நறுக்கி, மிளகாய் வத்தல் பொடியும் உப்பும் பிசறி அதன்மேல் வைத்தாள். சாஸ் இல்லை, இலை இல்லை. பன்னைக் கல்லில் வைத்து அழுத்திக் கட்டியாக வாட்டினாள். தட்டில் வைத்து, மேசையில் வைத்துவிட்டு, மாங்காய்க் கையைக் கழுவக் குழாயடிக்குத் திரும்பினாள்.

பின்னால் நாற்காலி இழுபட்டது.

அவள் குழாயை நிறுத்தவில்லை. தண்ணீர் கையில் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே அடித்த வெயிலில், ஒரு பிளாஸ்டிக் குடம்கூட நிழல் விழாமல் நின்ற அந்த உச்சிப்பொழுதில், மொறுமொறுவென்று கருகிய சீஸ் ஒன்று கடிபடும் சத்தம் அவள் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. ஒரே ஒரு கடி.

திரும்பியபோது ஆள் இல்லை. பர்கரில் பெரிய ஆம்பிளைக் கடி ஒன்று விழுந்திருந்தது. அதன் நடுவில் ஒரு சின்ன மேடு, முன்பல் ஒன்று பாதி உடைந்த இடம். நாற்காலியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் வந்தது. இந்தப் பர்கரை அவளுக்கு முதன்முதல் செய்து கொடுத்தது லசால்தான், கல்யாணமான முதல் லீவில். ஒவ்வொரு லீவிலும் செய்வான். செய்து, தட்டில் வைத்து, அவள் கையில் கொடுக்கிறதுக்கு முன்னால் ஒரு கடி கடிப்பான். கேட்டால், "உப்பு பாத்தேன்" என்பான். எனக்குன்னு பண்ணதுல வாய் வைக்காம இருக்க முடியாதா என்று அவள் ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். திட்டினது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கடியைத்தான் மறந்திருந்தாள். அவனுக்குப் பிடித்தது என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை. அவளுடையதில் முதல் கடி, அதுதான்.

"பசியில இருக்கேன்லா" என்றாள் அவள், காலியான நாற்காலியைப் பார்த்து. குரல் எப்போதும் திட்டுகிற குரலாகத்தான் வந்தது. "இன்னொரு அஞ்சு நிமிசம் பொறுக்க முடியாதா உங்களுக்கு. நாலு மணிக்குத்தான எல்லாரும் வாறாவ."

அவள் தட்டை ஒரு கூடையால் மூடிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வந்தபோது வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது. தெருவுக்குத் தெரிவதற்கு முன்னால் மகளுக்குத் தெரிய வேண்டும். நடுவில், சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. கதவுக்குப் பின்னால் தேய்த்து மாட்டிய சட்டைகள் ஆறு இருந்தன. அதில் ஒன்றின் கைமடிப்பை நீவிவிட்டுவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தாள்.

ஜோவிட்டா நாலரைக்கு வந்தாள். பையை இறக்குவதற்கு முன்னால் ரெஜினாள் கூடையைத் தூக்கினாள்.

"என்னம்மா இது?"

"எனக்குன்னு பண்ணேன். கை கழுவத் திரும்புனேன்."

ஜோவிட்டா தட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "நீயே கடிச்சிருப்ப" என்றாள். குரல் ஏறியது. "பசியில கடிச்சிட்டு மறந்திருப்ப. இன்னைக்கு ஞாயித்துக்கிழமையே இல்ல. நாலு மணிக்குத்தான வருவாங்க? எல்லாரும் சொன்னாங்க அப்பா இருக்காங்கன்னு, ஹிலாரி மாமா சொன்னாங்க, டீச்சர் சொன்னாங்க..."

"நல்லாப் பாரு மக்கா."

பெண் குனிந்து பார்த்தாள். கடியின் நடுவில் இருந்த மேட்டைப் பார்த்தாள். மெதுவாகச் சுண்டுவிரலை நீட்டி அதைத் தொட்டாள். தொட்ட விரலை எடுக்காமல், "இது நான் ஒடைச்சது" என்றாள். "மூணு வயசுல. டம்ளரத் தூக்கி எறிஞ்சேன்."

"ஆமா. ரத்தம் வந்துச்சு. உன்னய அடிக்க விடல. எம் மவ நல்லாக் குறிபாக்குதான்னு சிரிச்சாவ."

"அப்பா நனைஞ்சா இருந்தாங்க?"

ரெஜினாள் நாற்காலியைக் காட்டினாள். ஜோவிட்டா அந்த ஈரத்தின்மேலேயே போய் உட்கார்ந்து, பள்ளிக்கூட உடுப்பெல்லாம் நனைய, மேசையில் தலையைக் கவிழ்த்தாள். அம்மா அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இருட்டியதும் போய் விளக்கைப் போட்டாள். பிறகு அந்தப் பர்கரை இரண்டாகப் பிய்த்து, ஆளுக்குப் பாதி சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் ரெஜினாள் செசிலி வீட்டுக்குப் போய் வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. செசிலி அவள் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என் வாயில மண்ணு விழ" என்றாள். ரெஜினாள், "எங்க வீட்டு அவியளும் காஸ்பரும் ஒண்ணாத்தான் இருப்பாவ மாமி. பண்ணிக் குடுத்துட்டுத்தான் இருப்பாவ" என்றாள். வெள்ளிக்கிழமை இரண்டு பெயரையும் சேர்த்து வாசித்துச் சாமியார் பூசை வைத்தார். தெருவே வந்திருந்தது. உயிரோடு இருந்த ஒரே ஆளும் போய்விட்டானே என்று ஹிலாரிதான் எல்லாரையும்விட அதிகமாக அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை முன்போலத்தான் நடக்கிறது. நோட்டில் பக்கங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ரெஜினாள் தாலியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். ஜோவிட்டா சட்டைகளில் ஐந்தைக் கொடுத்துவிட்டு ஒன்றை வைத்துக்கொண்டாள். லசாலுக்கு இன்னமும் பக்கம் எழுதவில்லை, எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் தினமும் மத்தியானம் ரெஜினாள் தனக்கென்று ஒன்று செய்கிறாள். செடாரைக் கல்லில் தூவி, மொறுமொறுவென்று சுரண்டி எடுத்து, மாங்காய் பிசறி வைத்து, பன்னை மூடி, மேசையில் வைக்கிறாள். பிறகு குழாயடிக்குப் போய், மேசைக்கு முதுகைக் காட்டி நின்று கையைக் கழுவுகிறாள். அவசரப்படுவதில்லை. நகக்கண் வரைக்கும், முழங்கை வரைக்கும், கழுவினதையே திரும்பவும் கழுவுகிறாள். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும், திரும்பிப் பார்க்காமலே, "எனக்கும் கொஞ்சம் இருக்கட்டும்" என்கிறாள்.